சத்தம் குறைச்ச ரவை

இல்லைத் தம்பி, அது என்ர பைதான். நான் மடியில வைச்சுக்கொள்ளுறன், நீங்கள் வடிவா இருங்கோ. யன்னல் பக்கம் வேணுமெண்டா சொல்லுங்கோ, மாறுவம். எனக்கு உந்த மரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. இனி இந்த பஸ் ரொறன்ரோ போய்ச் சேரும் வரைக்கும் இதுதான். மரம், குளம், கல்லு, திரும்ப மரம்.

தமிழ்நாடோ? எந்த ஊர்? சங்கரன்கோவில். கேள்விப்பட்டிருக்கிறன். நான் கதைக்கிறது விளங்குதோ? விளங்காட்டில் நிப்பாட்டிக் கேளுங்கோ. போன மாதம் உங்கட பக்கத்துப் பெடியன் ஒருத்தனுக்கு நான் ஏதோ 'ரவை' எண்டு சொல்ல, அவன் உப்புமா கிண்டுற கதை எண்டு நினைச்சுத் தலையாட்டிக்கொண்டு இருந்தான். எங்களுக்கு ரவை எண்டா துவக்குக்குள்ள போடுறது. துவக்கு எண்டா உங்கட துப்பாக்கி. நீங்கள் தோட்டா எண்டு சொல்லுவியள்.

பயப்பிடாதேங்கோ. நான் அப்பிடியான ஆள் இல்லை. நீங்கள் ஏறின இடத்துக்குக் கொஞ்சம் முன்னால, பெருந்தெருவில சிவப்புக் கூரை போட்ட பெற்றோல் ஸ்ரேசன் ஒண்டு இருக்கு. அதை நடத்துற ஆள். குணநாயகம் எண்டு பேர். துவக்கைப் பற்றிக் கதை ஏன் வந்ததெண்டா, நான் இப்ப மகளிட்டப் போறன். மகளுக்கும் எனக்கும் கதை பேச்சு இல்லாமல் போனதே ஒரு பெட்டி ரவையாலதான். இப்பிடி ஒரு சின்ன விசயத்துக்குப் பெத்த தகப்பனோட கதைக்காமல் இருக்கிற பிள்ளையை நீங்கள் கண்டிருக்கிறியளோ? நான் காணேல்லை.

அந்த ஊரில தமிழர் எண்டா நானும் அவளும்தான். தர்சிகா. என்ர மனிசி, அவளின்ர தாய், ஊரில காய்ச்சலில போயிட்டா. பிள்ளை அப்ப தத்தித் தத்தி நடந்து திரிஞ்ச வயது. பிறகு முகாம், கப்பல், வழக்கு எண்டு எல்லாம் பட்டுத்தான் இஞ்ச வந்து சேர்ந்தம். அது பெரிய கதை, அது வேண்டாம். மனிசியின்ர தமக்கை தவமணி மச்சாள் ஸ்காபரோவில இருக்கிறா. எல்லாச் சனமும் இஞ்ச இருக்க நீங்கள் ஏன் அந்தக் காட்டுக்குள்ள போய்க் கிடக்கிறியள் எண்டு எப்பவும் கேப்பா. ஸ்காபரோவில எந்த விழாவெண்டாலும் வெடி கொழுத்துவினம், தம்பி. எனக்கு அந்தச் சத்தம் ஒத்துவராது. வடக்கில சனமே இல்லை, சத்தமும் இருக்காது எண்டு நினைச்சுத்தான் போனனான். போன பிறகுதான் தெரியுது, கார்த்திகை மாதம் வந்தா அங்க வீட்டுக்கு வீடு துவக்கு. மான் வேட்டை. பள்ளிக்கூடத்திலயே அதுக்கெண்டு பிள்ளையள் லீவு எடுப்பினம்.

அவளும் அதுக்குள்ள வளர்ந்த பிள்ளை தானே. சிநேகிதப் பிள்ளையளோட சேர்ந்து ஊர்க் கிளப்பில குறிபார்த்துச் சுடப் பழகப் போறன் எண்டாள். கடதாசியைத்தான் சுடுறது அப்பா, ஒரு உயிரையும் இல்லை எண்டாள். வேண்டாமெண்டு சொன்னன். ஏன் எண்டு கேட்டாள். சரி எண்டு விட்டிட்டன்.

முதல் நாள் நான்தான் கொண்டுபோய் இறக்கினனான். கார்க் கதவைத் திறந்து ஒரு காலை வெளியில வைக்கிறன், உள்ளுக்கு ஆரோ சுட்டினம். பிறகு என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. பார்த்தா காரின்ர ரயருக்குப் பக்கத்தில நிலத்தோட நிலமாக் கிடக்கிறன். நல்ல காலம், பிள்ளை முன்னுக்குப் போயிட்டாள், காணேல்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவன் வந்து குனிஞ்சு, "என்ன, திறப்பு விழுந்திட்டுதோ?" எண்டு கேட்டார். திறப்பு எண்டா உங்கட சாவி. ஓம் எண்டன். அவரும் முழங்காலில இருந்து, புல்லுக்குள்ள கையை விட்டு என்னோட சேர்ந்து தேடினார். திறப்பு என்ர கையிலதான் இருந்தது. அதைக் கண்டும் தேடினார். அப்பிடித்தான் வால்டர் எனக்குப் பழக்கம்.

நல்ல மனிசன். மரம் அறுக்கிற மில்லில வேலை செய்து ஓய்வுபெற்றவர், மனிசி இல்லை. பிறகு ஒவ்வொரு நாளும் காலமை என்ர கடைக்கு வந்து கோப்பி குடிப்பார். இப்ப வாறதில்லை. றோட்டுக்கு அங்காலை இருக்கிற கடையில குடிக்கிறார். நான் கண்ணாடிக்குள்ளால பார்க்கிறனான். அந்தக் கோப்பி வாயில வைக்கேலாது, ஆனாலும் அங்கதான் போறார்.

இந்த பிஸ்கற்றை எடுங்கோ. எடுங்கோ தம்பி, வீட்டில கொண்டுவந்தது.

ஒரு மாரி காலம் பிள்ளை ஐஸில சறுக்கி விழுந்து காறை எலும்பு முறிஞ்சுபோச்சு. இந்தா, தோளுக்குக் கிட்ட இந்த எலும்பு. துவக்கின்ர அடிக்கட்டை வந்து உதைக்கிறதே அந்த இடத்திலதான். எலும்பு பொருந்தின பிறகும், ஒருக்காச் சுட்டா அண்டு முழுக்க நோகும் அவளுக்கு. முகத்தைச் சுருக்கிக்கொண்டு வருவாள். நான் உள்ளுக்குச் சந்தோசப்பட்டனான், விட்டிடுவாள் எண்டு. அப்பதான் வால்டர், "நான் பிள்ளைக்கு மெல்லிசா ரவை செய்து தாறன், உதைக்காது" எண்டார்.

ரவையை வீட்டில செய்யலாம் எண்டே எனக்கு அதுக்கு முதல் தெரியாது. அங்க கனபேர் செய்யிறவை. சுட்ட ரவையின்ர பித்தளைக் கோதைப் பொறுக்கிக் கழுவி, அடியில தீப்பொறி குடுக்கிற புது கேப் அடிச்சு, வெடிமருந்து போட்டு, மேல சன்னத்தை, அதுதான் பாஞ்சு போற குண்டை, வைச்சு அமத்தினா ரவை. வால்டரின்ர வீட்டு நிலக்கீழ் அறையில அதுக்கு ஒரு மேசை. அவர் தனக்கெண்டு தொடங்கினதுதான். தகப்பன் விட்டிட்டுப் போன ரிவோல்வர் ஒண்டு வைச்சிருந்தார், கிளப்பில மட்டும் சுடுறது. ஆனா கையில வாதம். கடையில விக்கிற ரவையைப் போட்டுச் சுட்டா மணிக்கட்டு கழண்டுபோகும் எண்டுவார். அதால தன்ர ரிவோல்வருக்கு மெல்லிசாச் செய்து சுட்டுக்கொண்டு இருந்தவர். அதே மருந்தால தர்சிகாவின்ர ரைபிளுக்கும் செய்தார்.

மருந்தைக் குறைச்சுப் போட்டாச் சரிதானே எண்டு நான் கேட்டன். நீங்களும் அதைத்தான் கேப்பியள். அவர் வெறுங்கோது ஒண்டை எடுத்துக் காட்டினார், விரல் நீளம் இருக்கும். வழக்கமா அதுக்குப் போடுற மருந்து மணலைப் போலப் பாரமானது. அதைக் குறைச்சா கோதுக்குள்ள அடியில கொஞ்சம் ஒதுங்கிக் கிடக்கும். துவக்கைச் சரிச்சா ஒரு பக்கம் ஓடும், நிமித்தினா மற்றப் பக்கம். ஒருக்கா ஒரு மாதிரி எரியும், அடுத்த முறை வேற மாதிரி. அதைவிட, மேசையில இருந்து யோசனையில ஒரு கோதுக்கு ரெண்டாந்தரமும் போட்டிட்டியள் எண்டு வைப்பம். கண்ணுக்குத் தெரியாது. சுடேக்கதான் தெரியும், அப்ப துவக்கும் இருக்காது, முகமும் இருக்காது.

இது வேற மருந்து. அரிசிப்பொரி மாதிரி. பாரம் இல்லை, ஆனா இடத்தைப் பிடிக்கும். கொஞ்சம் போட்டாலே கோது அரைவாசிக்கு மேல நிரம்பிவிடும். அதே கோதுக்குள்ள ரெண்டாந்தரம் தவறிப் போட்டா வழிஞ்சு மேசையில கொட்டிக் காட்டிக்குடுக்கும். "இந்த மருந்து ஒண்டையும் ஒளிக்காது" எண்டார் வால்டர். அளவுக்குப் புத்தகம் இருக்கு, அதில சொன்னதில இருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு துளி விலகமாட்டார்.

நான் அந்த ரவையின்ர சத்தத்தை முதல் முதல் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிளப்புக்கு வெளியில, வழக்கம்போலக் காரின்ர கண்ணாடி எல்லாத்தையும் மூடிக்கொண்டு இருக்கிறன். வால்டர் வந்து தட்டி, இறங்கு எண்டார். மாட்டன் எண்டன். இறங்கு, பார் எண்டார். இறங்கினன். பிள்ளை சுட்டாள். ஒரு அலுமாரிக் கதவைச் சாத்தின மாதிரி. அவ்வளவுதான். நான் நிண்டபடியே நிண்டன், தம்பி. திரும்பச் சுடச் சொன்னன். திரும்பவும் அலுமாரிக் கதவு. எனக்குக் கண்ணால தண்ணி வந்திட்டுது. பிள்ளையின்ர தோள் நோகாது எண்ட சந்தோசம்தான், வேறென்ன.

அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை எண்டா நான் வால்டரின்ர நிலக்கீழ் அறையில. அவரின்ர விரல் மடங்காது, நான் செய்வன், அவர் பக்கத்தில கதிரையில இருந்து பார்ப்பார். கனக்கக் கதைக்கமாட்டம். தராசில நிறுத்து, கோதில போட்டு, ரோச் லைற் அடிச்சு ஒவ்வொரு கோதுக்குள்ளயும் பார்த்து, பிறகு லீவரை இழுத்துச் சன்னத்தை அமத்துறது. முடிஞ்ச பிறகு அடியில சிவப்பு நகப்பூச்சால ஒரு பொட்டு. பொட்டு வைச்சது மெல்லிசு, வைக்காதது முழு ரவை. மாறிப்போகக்கூடாது எண்டதுக்கு. வால்டரின்ர மனிசி விட்டிட்டுப்போன நகப்பூச்சு அது. எனக்கு இந்த நாட்டுக்கு வந்து ஆறுதலா இருந்த இடம் எண்டா அந்த மேசைதான். அதுக்கு முதல் எங்க இருந்தாலும் காது வெளியில நிண்டுகொண்டே இருக்கும். அங்க இருக்கேக்க என்ர காதும் என்னோட உள்ளுக்கு இருந்தது.

அப்பிடியே விட்டிருக்கலாம். போன வருசம் பள்ளிக்கூடம் முடிச்சவள், இந்த முறை வால்டரோட மானுக்குப் போகப்போறன் எண்டு நிண்டாள்.

"தோள் என்னண்டு தாங்கும்?" எண்டன்.

"தோள் சரியாகி எவ்வளவு காலம் அப்பா. டொக்டரே சொல்லிட்டார்."

"டொக்டருக்கென்ன, அவன்ர தோளோ? போறதெண்டா மெல்லிசு ரவையோட போ."

"அது கடதாசிக்குத்தான் அப்பா. மானில பட்டாலும் அது சாகாது. காயத்தோட ஓடி எங்கயாவது கிடந்து இழுக்கும். அது பெரிய பாவம் எண்டு வால்டர் சொன்னவர். முழு ரவை இல்லையெண்டா நான் போகவே மாட்டன்."

இவ்வளவும் சொன்னவள்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை.

வால்டர் அவளுக்கெண்டு முழு ரவை ஒரு பெட்டி செய்து, பேர் எழுதி வைச்சார். அதைப் போட்டு அவள் குறி சரிபார்க்கேக்க நான் கடையில இருந்தன். கிளப் எங்க, கடை எங்க. ஆனாலும் எனக்குக் கேட்டது. காசு குடுக்க வந்த ஆள், "உனக்குச் சுகமில்லையோ?" எண்டு கேட்டிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிறு வால்டர் மேல தேத்தண்ணி போடப் போன நேரம், நான் அந்தப் பெட்டியில இருந்ததை எடுத்திட்டு நான் செய்த மெல்லிசு ரவையை வைச்சன். அதே கோது, அதே சன்னம். பொட்டு வைக்கேல்லை, அவ்வளவுதான். பிறகு வால்டரிட்ட மறந்துபோனன் எண்டு சொன்னன். மறக்கேல்லை. பொட்டு வைச்சா அவள் கண்டிடுவாள் தானே. சொல்லிக் குடுத்தா வாங்கமாட்டாள். சொல்லாமல் குடுத்தாத்தான் தோள் தப்பும். ஒரு தகப்பன் வேறென்ன செய்யிறது? நான் நினைச்சன், உந்தப் பெரிய காட்டுக்குள்ள இவள் எங்க மானைக் காணப்போறாள், குளிரில நிண்டு அலுத்துப்போய்த் திரும்பி வருவாள் எண்டு.

நானும் போனனான். போகாமல் இருந்திருக்கலாம். தனிய விட மனம் வரேல்லை. வால்டருக்கு முழங்கால் ஏலாது, அவர் வாகனத்தோட நிண்டிட்டார். செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நானும் பிள்ளையும் நடந்தம். முதல் நாள்தான் பனி கொட்டினது. அவ்வளவு பேசாமல் ஒரு காடு நான் கண்டதில்லை. பிள்ளை முன்னுக்கு, நான் அவளின்ர காலடியில கால் வைச்சு வைச்சுப் பின்னுக்கு. மரம் முடிஞ்சு வெளியா வாற இடத்தில ஒரு விழுந்த மரத்துக்குப் பின்னால இருந்தம்.

மான் வந்தது, தம்பி. கொம்பு வைச்ச ஆண் மான். தூரம்தான், ஆனா வடிவாத் தெரிஞ்சது. பக்கவாட்டில நிண்டு பனியை முகர்ந்தது. பிள்ளை அவசரப்படேல்லை. மூச்சை விட்டு, பொறுத்து, அது ஒரு அடி எடுத்து வைக்கிற மட்டும் பார்த்திருந்து சுட்டாள்.

அலுமாரிக் கதவு.

அவள் மானைப் பார்க்கேல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைதான் எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. மான் விழுந்து, எழும்பி, பின்னங்கால் இழுபட ஓடிச்சுது. ரவை கீழ இறங்கி வயித்திலயும் காலிலயும் பட்டிருக்கு. மெல்லிசு ரவை அவ்வளவு தூரம் போகேக்க தணிஞ்சுதான் போகும். அவள் முழு ரவைக்குக் குறி வைச்சவள். அவளில பிழை இல்லை.

பனியில ரத்தம் நல்லாத் தெரியும். அவள் அதைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். நான் பின்னால போனன். கொஞ்சத் தூரம் போக நான் நிண்டிட்டன்.

"விடு பிள்ளை. அது தப்பிப் போயிருக்கும். ஆறிவிடும்" எண்டன்.

"ஆறாது அப்பா."

"வா, வாகனத்துக்குப் போவம். குளிருது."

"அதை இப்பிடி ஆக்கினது நான். எப்பிடி விட்டிட்டுப் போறது?" எண்டு கேட்டாள். சத்தம் போட்டுக் கேக்கேல்லை. கேட்டிட்டு நடந்தாள்.

சதுப்பு ஓரத்தில, நாணல் மாதிரி ஒரு புல்லுக்குள்ள கிடந்தது. உயிரோட. தலையை நிமித்தி எங்களைப் பார்த்தது. வயித்தில பட்டா அப்பிடித்தான். உயிர் கெதியாப் போகாது. அறிவு தெளிவா இருக்கும். நாக்கு வரளும், தண்ணி கேட்டுக்கொண்டே இருக்கும். இல்லை, மான் எங்க தண்ணி கேக்கிறது. நான் மனிசருக்குச் சொல்லுறன்.

நான் திரும்பி நிண்டு ரெண்டு காதையும் பொத்தினன். பிள்ளை கிட்டப் போயிருக்கிறாள், நல்லாக் கிட்ட. காதைப் பொத்தியும் சுட்ட சத்தம் கேட்டது. பிறகு அவள் வந்து என்ர கையைக் காதில இருந்து எடுத்துவிட்டு, "முடிஞ்சுது அப்பா" எண்டாள். அழேல்லை. மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

முந்தி உங்களுக்கு மனிசி காய்ச்சலில போனவ எண்டு சொன்னன், என்ன? அது வாயில அப்பிடியே பழகிப்போச்சு. காய்ச்சல் இல்லை. கடைசிச் சண்டை நேரம், கடற்கரையில, மணலுக்குள்ள பதுங்கக் கிடங்கு வெட்டி அதுக்குள்ள இருந்தம். ஷெல் துண்டு வயித்தில பட்டது. காலமை. பொழுதுபடுற மட்டும் மனிசிக்கு, மலருக்கு, உயிர் இருந்தது. தண்ணி தண்ணி எண்டு கேட்டவ. வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கக்கூடாது எண்டு பக்கத்துக் கிடங்கில இருந்த ஒருத்தர் சொன்னார், நான் குடுக்கேல்லை. அவர் சொன்னது சரிதான், டொக்டர்மாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். பிள்ளை என்ர மடியில. நான் பிள்ளையின்ர ரெண்டு காதையும் பொத்திப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான். ஷெல் சத்தத்துக்கெண்டு சனம் நினைச்சிருக்கும். நான் பொத்தினது அந்தச் சத்தத்துக்கில்லை. ஒரு நேரத்துக்குப் பிறகு தாய் கத்தினது பிள்ளைக்குக் கேக்கேல்லை எண்டுதான் நினைக்கிறன். நித்திரையாப் போயிட்டாள்.

இதையெல்லாம் ஒரு பிள்ளைக்குச் சொல்லுறதோ? காய்ச்சல் எண்டா ஒருத்தருக்கும் நோகாது. பள்ளிக்கூடத்தில கேட்டாலும் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு விளையாடப் போயிடலாம்.

வாகனத்துக்கு வந்த பிறகு தர்சிகா மிச்ச ரவையைக் கழட்டி வால்டரின்ர கையில குடுத்தாள். அவர் அடியைத் திருப்பிப் பார்த்தார், பொட்டு இல்லை. ஒண்டைப் பிடிச்சுக் காதுக்குப் பக்கத்தில ஆட்டினார், உள்ளுக்குப் பொரியின்ர சத்தம். பிறகு என்னைத்தான் பார்த்தார். மறந்துபோனன் எண்டன். "உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாத ரவையை ஒருத்தரின்ர கையில குடுக்கிறேல்லை, குணா" எண்டார். அவ்வளவுதான் சொன்னது. அடுத்த ஞாயிறு நான் போக, நிலக்கீழ் அறைக்குப் பூட்டு. அந்த மனிசன் என்னோட சேர்ந்து இல்லாத திறப்பைத் தேடினவர். இப்ப என்னட்டக் கோப்பி குடிக்க மனமில்லை.

அண்டைக்குப் பின்னேரம் வீட்டில பிள்ளை குசினி மேசையில எனக்கு முன்னால வந்து இருந்தாள்.

"ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"உன்ர தோளுக்காகத்தான்."

"தோள் சரியெண்டு உங்களுக்குத் தெரியும். சொல்லியிருந்தா நான் அவ்வளவு தூரத்தில இருந்து சுட்டிருக்கமாட்டன். கிட்டப் போயிருப்பன், இல்லாட்டில் சுடாமலே வந்திருப்பன். என்னை யோசிக்க விட்டிருக்கலாம் தானே."

"சரி, நடந்தது நடந்துபோச்சு. சாப்பிடு."

அவள் சாப்பிடேல்லை. என்ர முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திட்டு, "அப்பா, அம்மாவுக்கு உண்மையா என்ன நடந்தது?" எண்டாள்.

பாருங்கோ, ரவைக் கதைக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்? மான் செத்ததுக்கும் தாய் செத்ததுக்கும் என்ன சம்மந்தம்? எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை.

"காய்ச்சல்" எண்டன்.

"சரி அப்பா" எண்டாள். எழும்பிக் கோப்பையைக் கழுவி வைச்சிட்டுப் போயிட்டாள். ஒரு சண்டை பிடிச்சிருந்தாலும் பரவாயில்லை. தை மாதம் ரொறன்ரோவில படிக்க இடம் கிடைச்சது, தாயின்ர தமக்கை வீட்டுக்குப் போயிட்டாள். போன் எடுத்தாச் சாப்பிட்டனீங்களோ, குளிரோ, வைக்கிறன். அப்பிடி ஒரு வருசம் போச்சு. நான் கடையைத் திறக்கிறன், பூட்டுறன். கார்த்திகை மாதம் அங்கால இங்கால சுடுறது கேக்கும். கண்ணாடியை மூடிக்கொண்டு இருப்பன்.

போன கிழமை அவளே போன் எடுத்தாள்.

"பெரியம்மா கொஞ்சம் சொன்னவ அப்பா. காய்ச்சல் இல்லையாம். தனக்கும் முழுக்கத் தெரியாதாம், உங்களுக்குத்தானாம் தெரியும். வாங்கோ. வந்து எனக்குச் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்."

மச்சாளுக்கு எப்பவும் கதைக்க ஒரு வாய் காணாது. அவ அந்த நேரம் இந்தியாவில இருந்தவ, என்ன தெரியும் அவவுக்கு. ஷெல் எண்டு மட்டும்தான் தெரியும்.

அதுதான் போறன். ஓம், இந்தா கட்டிடங்கள் தொடங்கிட்டுது. கெதியா வந்திட்டம், உங்களோட கதைச்சுக்கொண்டு வந்ததில தெரியேல்லை. ஸ்காபரோவில பஸ் நிக்கிற இடத்தில அவள் தனிய வந்து நிப்பாளாம், பெரியம்மா இல்லாமல். எங்கயோ இருந்து கதைப்பம் எண்டவள்.

நான் எல்லாம் யோசிச்சு வைச்சிருக்கிறன், தம்பி. ஷெல் எண்டு சொல்லுறன், அது உண்மை தானே. காலமை எண்டும் சொல்லுறன். நெஞ்சில பட்டது எண்டு சொல்லப்போறன். நெஞ்சில எண்டா உடனை. ஒரு சத்தமும் இல்லை, தண்ணியும் கேக்கேல்லை, நான் பக்கத்தில இருந்தனான், கண்ணை மூடினது மாதிரிப் போயிட்டா எண்டு சொல்லுவன். அவள் முழுசாச் சொல்லச் சொல்லித்தான் கூப்பிட்டவள், எண்டாலும் அவளுக்கு அது காணும், போதும். பத்தொன்பது வயதுப் பிள்ளை, அதைவிட என்னத்தைத் தாங்கும்?

நம்புவாள் தானே? நீங்கள் எண்டா நம்புவியளோ?

இல்லை, விடுங்கோ. உங்களுக்கு இப்ப தெரியும். தெரிஞ்ச ஆளிட்டக் கேட்டு என்ன செய்யிறது.